பாலாற்று ஒப்பந்தம்: சர்க்கார் எழுதிய சீட்டு கோர்ட்டில் செல்லுமா?

சில நாட்களுக்கு முன் ஆம்பூரில் ஒரு கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்த சமயம், தோல் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு வாலிபத் தோழர் நம்மைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, 1892-லே எழுதின ஒப்பந்தம் இருக்குது, ஆந்திரா மீற முடியாதுன்னு ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் மேடையிலே சொல்றாங்க. ஆத்துல பார்த்தா மணல்கூட இல்லே. சர்க்காரும் சர்க்காரும் எழுதிக்கிட்ட சீட்டு கோர்ட்டுல செல்லுமா, செல்லாதா? ஒரே வார்த்தையிலே சொல்லுங்க" என்று கேட்டார். ஒரே வார்த்தையில் சொல்ல நம்மால் முடியவில்லை. அவரோ விடுவதாயில்லை. ஆகவே அவருக்கும் அவரைப்போல் கேட்க நினைத்தும் கேளாதிருக்கும் மற்றத் தோழர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகின்றோம்.

இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் வழக்கமாய் இரண்டு பதில்கள் சொல்லப்பட்டு வருகின்றன. ஒன்று, "ஒப்பந்தம் இருக்கிறது, அதை எவராலும் அசைக்க முடியாது" என்பது. மற்றொன்று, "அதெல்லாம் ராஜாங்க விஷயம், கோர்ட்டாவது கச்சேரியாவது, பெரிய இடத்துச் சமாச்சாரம் நமக்கெதற்கு" என்பது. முதலாவது பதில் காகிதத்தைக் கடவுளாக்குகின்றது. இரண்டாவது பதில் சர்க்காரைக் கடவுளாக்குகின்றது. இரண்டும் மூடநம்பிக்கையே என்பதும், இரண்டினாலும் லாபமடைகிறவர்கள் வேறு, நஷ்டமடைகிறவர்கள் வேறு என்பதுமே நமது அபிப்பிராயம்.

பழைய காலத்து அரசர்கள் கோயிலுக்கும் பார்ப்பனர்களுக்கும் நிலத்தையும் ஊரையும் தானம் செய்து கல்லிலும் செப்பேட்டிலும் வெட்டி வைத்தார்கள். சந்திரனும் சூரியனும் உள்ளவரை இது செல்லும் என்பதாக எழுதினார்கள். சரி, எவனாவது மீறினால் என்ன செய்வது? அதற்கும் அடியிலேயே ஒரு வரி வெட்டினார்கள். இதை அழித்தவன் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவத்தை அடைவான் என்பதே அந்த வரி. அதாவது அக்காலத்துக் கோர்ட்டு சாபமாகவும், அமீனா எமனாகவும் இருந்தான்! அப்படியெல்லாம் சபித்தும் ஒரு ராஜா கொடுத்ததை மற்றொரு ராஜா பிடுங்கியே வந்திருக்கின்றான். பிடுங்கியவன் எவனும் சாபத்தால் செத்ததாகச் சரித்திரம் இல்லை. வேறொருவன் வாளால் செத்ததாகத்தான் இருக்கின்றது.

இக்காலத்தில் ஒப்பந்தத்தின் அடியில் சாபம் எழுதுவதில்லை. ஆனால் சாபத்தின்மேல் வைத்த அதே குருட்டு நம்பிக்கையைக் கையெழுத்தின்மேலும் முத்திரையின்மேலும் வைத்திருக்கின்றோம். கையெழுத்தை மீறினவனை யார் பிடிப்பது, எதைக்கொண்டு பிடிப்பது என்கின்ற கேள்வியை மாத்திரம் நாம் கேட்பதே இல்லை.

இனி அந்த 1892-ம் வருஷத்துச் சீட்டில் என்னதான் எழுதியிருக்கிறது என்று பார்ப்போம். ஏனெனில் மேடையில் அதன் பேரைச் சொல்லுகிறவர்களில் பெரும்பாலோர் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. வேதத்தைப் படியாமலே வேதம் சொல்லுகிறது என்று பேசுகிறவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமில்லை.

1892 பிப்ரவரி 18-ல் சென்னை சர்க்காரும் மைசூர் சர்க்காரும் செய்துகொண்ட உடன்படிக்கை அது. அதன் ஜாபிதாவில் 15 பெரிய ஆறுகளின் பேர்கள் இருக்கின்றன. காவிரி, துங்கபத்திரை, தென்பெண்ணை முதலியவற்றோடு நம் பாலாறும் அதில் ஒன்று. இந்த ஆறுகளில் மைசூர் சர்க்கார் புதிய பாசன நீர்த்தேக்கம் கட்டவேண்டுமானால் வேலை துவங்கு முன்பே திட்ட விவரங்களைச் சென்னைக்குத் தெரிவித்துச் சம்மதம் பெறவேண்டும். சென்னை சர்க்காரும் இஷ்டம்போல் மறுத்துவிட முடியாது. ஏற்கனவே ஏற்பட்டு உண்மையில் அனுபவத்தில் இருந்துவரும் பாத்தியதையைக் காப்பாற்றுவதற்காக மாத்திரமே மறுக்கலாம். தகராறு வந்தால் மத்தியஸ்தர்கள் தீர்ப்பார்கள், அல்லது இந்திய சர்க்கார் தீர்க்கும். இவ்வளவுதான் அதன் சாரம்.

வாசகர்கள் இதில் கவனிக்க வேண்டியவை மூன்று உண்டு. முதலாவது, அந்தச் சீட்டில் கோர்ட்டு என்கிற பேச்சே இல்லை. எழுதினவர்கள் இரண்டு சர்க்கார்கள். தீர்க்கிறது மேலே இருந்த மூன்றாவது சர்க்கார். இரண்டாவது, அது ஏற்கனவே ஏரியும் கால்வாயும் பாய்ச்சலும் உள்ளவனுடைய பாத்தியதைக்கே காவல். நிலமில்லாதவனுக்கும், ஊர்க்கிணற்றில் தண்ணீர் எடுக்கவொட்டாமல் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்த சேரி மக்களுக்கும் அதில் ஒரு வரியும் இல்லை. அவர்களை எவரும் கேட்டு எழுதவுமில்லை. மூன்றாவது, அதில் கட்சிக்காரர்கள் சென்னையும் மைசூருமே. ஆந்திரா என்கிற ராஜ்யமே அன்றைக்குக் கிடையாது.

இந்த மூன்றாவது சங்கதியில்தான் நமது வழக்கின் முடிச்சே இருக்கின்றது. பாலாறு கர்நாடகத்தில் நந்திமலைப் பக்கத்தில் பிறந்து அங்கே சுமார் 93 கிலோமீட்டரும், ஆந்திராவில் சுமார் 33 கிலோமீட்டரும், தமிழ்நாட்டில் சுமார் 222 கிலோமீட்டரும் ஓடுவதாகக் கணக்கு. ஆந்திராவில் ஓடும் குப்பம் பக்கத்து 33 கிலோமீட்டரும் 1892-ல் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. அன்று வேலூரும் சித்தூரும் ஒரே வட ஆற்காடு ஜில்லா. அந்த ஜில்லாவுக்குத் தலைநகரமே சித்தூர்தான். 1911-ல் சித்தூர் தனி ஜில்லாவாயிற்று. 1953 அக்டோபர் 1-ல் அது ஆந்திரத்தோடு போயிற்று. அதாவது அந்தச் சீட்டில் நமது கட்சியில் நின்ற ஊர், இன்று எதிர்க்கட்சியாய் நமக்கு மேலே உட்கார்ந்துகொண்டு தடுப்பணை கட்டுகின்றது! தகப்பன் எழுதின கடன் பத்திரம் பாகம் பிரிந்துபோன மகனைக் கட்டுமா, எவ்வளவு கட்டும் என்பது போன்ற கேள்வி இது. கட்டும் என்று நமது சர்க்கார் சொல்லுகின்றது. நியாயமும் நமது பக்கம் இருப்பதாகவே நாமும் கருதுகின்றோம். ஆற்றைக் கத்தரித்துப் பாகம் பிரிக்க முடியாதல்லவா? ஆனால் "1892 இருக்கிறது" என்று கத்தினால் மாத்திரம் இந்த முடிச்சு அவிழ்ந்துவிடாது என்பதை ஜனங்களுக்குச் சொல்லாமல் மறைப்பது யோக்கியமான காரியமாகாது.

இது நிற்க. சட்டம் என்ன சொல்லுகின்றது என்று பார்ப்போம். அரசியல் சட்டத்தின் 131-வது விதியின்படி, ஒரு ராஜ்யத்துக்கும் மற்றொரு ராஜ்யத்துக்கும் உள்ள வழக்கு நேரே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போகலாம். கதவு இருக்கின்றது. ஆனால் கதவில் பூட்டுகளும் இருக்கின்றன. அரசியல் சட்டம் வருவதற்கு முன் எழுதப்பட்டு அதன் பின்னும் அமுலில் இருந்துவரும் ஒப்பந்தங்களிலிருந்து கிளம்பும் தகராறை இப்படி நேரே கொண்டு வரக்கூடாது என்று அதே விதி சொல்லுகின்றது. இது ஒரு பூட்டு. பழைய சமஸ்தான மன்னர்களோடு செய்த உடன்படிக்கைகளைப்பற்றி எந்தக் கோர்ட்டும் விசாரிக்கக்கூடாது என்று 363-வது விதி சொல்லுகின்றது. இது இரண்டாவது பூட்டு. ராஜ்யங்களுக்குள் ஓடும் ஆற்றுத் தண்ணீர்த் தகராறைப் பார்லிமெண்டு கோர்ட்டின் கையிலிருந்து எடுத்துவிடலாம் என்று 262-வது விதி சொல்ல, அதன்படியே 1956-ல் ஒரு சட்டம் செய்து தகராறைத் தனி டிரிப்யூனலுக்கு அனுப்பிவிட்டார்கள். இது மூன்றாவது பூட்டு.

அப்படியானால் கோர்ட்டில் செல்லவே செல்லாதா என்றால், செல்லியிருக்கின்றது. முல்லைப் பெரியாறு அணைக்கு 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் இந்தியா மந்திரிக்கும் எழுதப்பட்ட 999 வருஷக் குத்தகை, வெள்ளைக்காரன் போனதோடு செத்துவிட்டது என்று கேரளா வாதாடிற்று. அது வெறும் நிலத்தையும் தண்ணீரையும் பற்றிய குத்தகையே தவிர, ராஜரீக உடன்படிக்கை ஆகாது என்று சொல்லி சுப்ரீம் கோர்ட்டு அந்த வாதத்தைத் தள்ளிற்று. 2006-ல் 142 அடி தேக்கலாம் என்று தீர்ப்பான உடனே கேரளா அதைத் தடுக்க ஒரு சட்டமே செய்தது. 2014 மே 7-ல் அந்தச் சட்டமும் செல்லாது என்று ஆகிவிட்டது. காவிரியிலும் 1892, 1924 ஒப்பந்தங்கள் அடிமைக் காலத்தில் எழுதினவை, செல்லாது என்று கர்நாடகம் சொன்னதை 2018 பிப்ரவரி 16-ல் சுப்ரீம் கோர்ட்டு ஏற்கவில்லை. ஆனால் 1924-ம் வருஷத்து ஒப்பந்தம் 50 வருஷக் கெடுவோடு 1974-ல் முடிந்துபோயிற்று என்றும் அதே தீர்ப்பில் சொல்லிற்று. டிரிப்யூனல் நமக்கு 192 டி.எம்.சி. என்று வைத்ததை 177.25 ஆகவும் குறைத்தது. ஆகவே வாலிபத் தோழரின் கேள்விக்குச் சட்டப் புத்தகப்படி பதில் என்னவென்றால், பூட்டுகளை உடைத்துக்கொண்டு உள்ளே போனால் பழைய சீட்டும் செல்லும். ஆனால் நாம் மனதில் நினைத்துக்கொண்டிருக்கும் அளவுக்கே செல்லும் என்பது நிச்சயமில்லை.

இதோடு சங்கதி முடிந்துபோனால் நாம் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. "செல்லும்" என்று தீர்ப்பு வந்த பிறகுதான் உண்மையான வேடிக்கை ஆரம்பமாகின்றது.

ஒரு ஏழைக் கூலிக்காரன் பத்தாயிரம் ரூபாய் கடன் வாங்கிக் கொடுக்காவிட்டால் என்ன நடக்கின்றது? பிராது, டிக்ரி, நிறைவேற்று மனு. பிறகு அமீனா வந்து பசுமாட்டையும் பாத்திரத்தையும் ஜப்தி செய்கின்றான். ஒரு சர்க்கார் டிக்ரியை மீறினால் எந்த அமீனா போய் எந்தச் சட்டசபையை ஜப்தி செய்வான்? 1981 டிசம்பர் 31-ல் பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் மூன்று ராஜ்யங்களின் முதன்மந்திரிகளும் அன்றைய பிரதம மந்திரி இந்திரா காந்தியின் முன்னிலையில் தண்ணீர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சட்லெஜ் - யமுனை கால்வாயைப் பஞ்சாப் வெட்டி முடிக்க வேண்டுமென்று 2002-ல் சுப்ரீம் கோர்ட்டு டிக்ரி கொடுத்தது. பஞ்சாப் சட்டசபை 2004-ல் கூடி, ஒப்பந்தமே ரத்து என்று ஒரு சட்டம் நிறைவேற்றிவிட்டது. அந்தச் சட்டம் செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு அபிப்பிராயம் சொல்ல 2016 நவம்பர் ஆயிற்று. இதற்குள் கால்வாய்க்கு எடுத்த நிலத்தைத் திருப்பிக் கொடுக்கவே பஞ்சாப் ஏற்பாடு செய்துவிட்டது. ஒப்பந்தம் ஹரியானாவின் பீரோவில் இருக்கின்றது, டிக்ரியும் இருக்கின்றது, தண்ணீர் மாத்திரம் இல்லை.

காவிரியிலும் இதே கதைதான். டிரிப்யூனல் இடைக்கால உத்தரவு போட்டவுடன் 1991-ல் கர்நாடகம் ஓர் அவசரச் சட்டம் போட்டது. அது செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. 2016 செப்டம்பரில் தண்ணீர் விடச் சொன்ன உத்தரவுக்குப் பதிலாக, குடிப்பதற்கே தவிர வேறெதற்கும் இல்லை என்று அதன் சட்டசபை தீர்மானம் போட்டது.

அகில உலகத்திலும் இதே யோக்கியதைதான். பெல்ஜியத்தின்மேல் படையெடுப்பதில்லை என்று 1839-ல் எழுதிக்கொடுத்ததை 1914-ல் ஜெர்மனியின் சான்சலர் ஒரு துண்டுக் காகிதம் என்று சொன்னது உலகமறிந்த கதை. 1986-ல் சர்வதேசக் கோர்ட்டு நிகரகுவா என்ற சிறு நாட்டின் பக்கம் தீர்ப்புச் சொல்லி, அமெரிக்கா சர்வதேசச் சட்டத்தை மீறியதாகக் கண்டித்தது. அமெரிக்கா அத்தீர்ப்பை லட்சியம் செய்யவில்லை. நிறைவேற்றும்படி ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபையில் தீர்மானம் வந்தபோது தன் வீட்டோவால் அடித்துவிட்டது. சாபத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம். சாபத்தை நிறைவேற்றக் கடவுள் இல்லை. இந்தத் தீர்ப்பை நிறைவேற்ற மனிதனும் வரவில்லை.

சரி, நம் பாலாற்றுக்கு வருவோம். குப்பம் பக்கத்தில் கணேசபுரத்தில் ஆந்திர சர்க்கார் அணை கட்டப் போவதை எதிர்த்து 2006-ல் தமிழ்நாடு சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டது. வாணியம்பாடிக்கு அருகே புல்லூர் எல்லையில் பெரும்பள்ளம் தடுப்பணையின் உயரத்தை ஆந்திரா கூட்டினதும் 2016-ல் மறுபடியும் கோர்ட்டுக்குப் போயிற்று. 2024 பிப்ரவரியில் குப்பம் பக்கம் நீர்த்தேக்கத் திட்டம் மீண்டும் கிளம்பியது. அப்போது நீர்வளத் துறை மந்திரியாயிருந்த துரைமுருகன், 1892 ஒப்பந்தத்தையும் நிலுவையில் உள்ள வழக்குகளையும் எடுத்துக்காட்டிக் கண்டன அறிக்கை விட்டார். அதாவது 2006-ல் வழக்குப் போட்ட அன்று பிறந்த குழந்தைக்கு ஓட்டுரிமை வந்துவிட்டது. வழக்குக்கு முடிவு வரவில்லை. இடையில் எத்தனை தேர்தல்! எத்தனை மேடை! எத்தனை அறிக்கை! வழக்கு நிலுவையில் இருப்பது வாதிக்கு நஷ்டம், பிரதிவாதிக்கு லாபம் என்பது சாதாரண குடியானவனுக்கும் தெரியும். வாதியாகிய சர்க்காருக்கு மாத்திரம் தெரியவில்லையா? அல்லது, "கோர்ட்டில் இருக்கிறது" என்ற ஒரே வார்த்தையால் ஜனங்களின் வாயை மூடிவிடலாம் என்ற சௌகரியந்தான் காரணமா?

இங்கே வேறொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். 131-வது விதியின்படி வழக்குப் போட சர்க்காருக்கே உரிமை. வாணியம்பாடியில் கிணறு வற்றியவனுக்கு அந்தக் கதவு கிடையாது. சர்க்கார் தூங்கினால் அவனும் தூங்க வேண்டியதுதான். பூசாரி இல்லாமல் சாமியை நெருங்கக் கூடாதென்று கோயிலில் சொல்லுகிறானே, அதே மாதிரிதான் இதுவும். சீட்டெழுதியது சர்க்கார், வழக்காடுவது சர்க்கார், ராஜி பேசுவதும் சர்க்கார். தாகத்தால் சாகிறவன் மாத்திரம் குடிமகன்!

ஆனால் இதே வேலூர் ஜில்லாவில், குடிமக்களே போட்ட மற்றொரு வழக்கும் உண்டு. அதைப்பற்றி நாட்டிலுள்ள சட்டக் கல்லூரிகளிலெல்லாம் பாடம் நடக்கின்றது. நம் ஊரில்தான் பேச்சில்லை. 1991-ல் வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் என்ற சங்கம், தோல் தொழிற்சாலைகளின் கழிவு நீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுப்பதாகச் சுப்ரீம் கோர்ட்டுக்கு மனுப் போட்டது. அவர்கள் கையில் 1892-ம் வருஷத்துச் சீட்டு போன்ற எந்த ஒப்பந்தமும் இல்லை. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுவதுமாகவோ பாழாய்ப்போனதாக விவசாயப் பல்கலைக் கழகத்தார் எடுத்த கணக்கைக் கோர்ட்டு தன் தீர்ப்பிலேயே எழுதிற்று. 1996 ஆகஸ்டு 28-ல் தீர்ப்பு. கெடுத்தவனே நஷ்டஈடு கொடுக்க வேண்டும்; கெடுதி வரும் என்று தோன்றும்போதே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்நாட்டுச் சட்டமே என்று நீதிபதி குல்தீப் சிங் முதலானவர்கள் சொன்னார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கொள்கைகளுக்கு ஆதாரமாகக் கோர்ட்டு எடுத்துக்காட்டியவையும் சர்க்கார்கள் கூடி எழுதின காகிதங்களே! 1972-ல் ஸ்டாக்ஹோமிலும் 1992-ல் ரியோவிலும் பல நாட்டு சர்க்கார்கள் கூடிச் செய்த பிரகடனங்கள் அவை. எழுதின சர்க்கார்களே அதை ஒரு அலங்காரப் பத்திரமாக நினைத்திருக்கக்கூடும். சாதாரணமாக அந்நிய நாட்டோடு செய்த ஒப்பந்தத்தைப் பார்லிமெண்டு சட்டமாக்கினால்தான் நம் கோர்ட்டுகள் அமுல் செய்யும். அப்படியிருந்தும் ஜனங்கள் போய்க் கேட்டபோது, உலகத்தார் பலரும் ஒப்புக்கொண்ட வழக்கம் நம் சட்டத்துக்கு விரோதமில்லையானால் அதுவும் சட்டமே என்று கோர்ட்டு எடுத்துக்கொண்டது. ஆக, ரியோவில் எழுதின சீட்டு ஆம்பூர்க் கிணற்றுக்குச் செல்லியது. நந்திமலை ஆற்றுக்கு எழுதின சீட்டு இன்னும் செல்லவில்லை. ஒன்றைக் கேட்டவன் குடிமகன். மற்றதைக் கேட்டது சர்க்கார். வித்தியாசம் இதுதான்.

உடனே இந்த வழக்கிலாவது எல்லாம் சுபமாய் முடிந்துவிட்டது என்று எவரும் நினைத்துவிடக் கூடாது. தீர்ப்பின்படி ஏற்பட்ட அதிகார சபை 2001-ல் வேலூர் ஜில்லாவில் சுமார் 29,000 குடும்பங்களுக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டஈடு என்று கணக்கிட்டது. அந்த நஷ்டஈடு பலருக்குச் சரிவர வந்து சேரவில்லை என்றும் கழிவு நிற்கவில்லை என்றும் மறுபடி கோர்ட்டுக்குப் போகவேண்டி வந்து, 2025 ஜனவரி 30-ல் சுப்ரீம் கோர்ட்டு திரும்பவும் தீர்ப்புச் சொல்லிற்று. பாக்கியைச் சர்க்கார் ஆறு வாரத்தில் கொடுத்துவிட்டுக் கெடுத்தவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றும், ஓய்வுபெற்ற ஐகோர்ட்டு நீதிபதியின் தலைமையில் கமிட்டி வைத்துப் பார்க்க வேண்டும் என்றும் உத்தரவு. மனுப் போட்ட 1991-லிருந்து இதற்கு 34 வருஷம்! பஞ்சாபும் கர்நாடகமும் தீர்ப்பை மதிக்கவில்லை என்று நாம் பல்லைக் கடிக்கின்றோம். நம் ஊரில் நமக்கே சொன்ன தீர்ப்பை நம் சர்க்கார் மதித்த லட்சணம் இது.

ஆந்திராவிடம் தண்ணீர் கேட்கின்றோம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் வந்த தண்ணீரை நாம் என்ன செய்தோம்? மணலை லாரி லாரியாய் அள்ளி ஆற்றைப் பள்ளமாக்கினோம். மிச்சத்தில் உப்பையும் குரோமியத்தையும் ஓடவிட்டோம். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு வந்ததை யாவரும் பார்த்தோம். பூவைத் தூவிக் கும்பிட்டோம். தேக்கி வைக்க வழி செய்யாமல் கடலுக்கு அனுப்பினோம். ஆற்றை அம்மன் என்று கும்பிடுகிறவன்தான் அதே அம்மனின் தலையில் சாக்கடையைத் திறந்துவிடுகின்றான். அது கடவுளல்ல, குடிக்கிற தண்ணீர் என்று நினைத்திருந்தாலாவது கொஞ்சம் ஜாக்கிரதையாய் இருந்திருப்பான்.

இதைச் சொன்னால் உடனே சிலர், "தோல் தொழிலை மூடச் சொல்லுகிறாயா? ஆயிரக்கணக்கான ஏழைகள் வயிற்றில் மண்ணா?" என்று கேட்பார்கள். தொழிலை மூடச் சொல்ல நாம் யார்? தோலைத் தொட்டால் தீட்டு என்று சொல்லி, செத்த மாட்டை உரிப்பவனை ஊருக்கு வெளியே தள்ளி, அவன் பதனிட்ட தோலில் செருப்பும் மத்தளமும் செய்துகொண்ட கூட்டத்தை ஆயுள் முழுதும் கண்டித்து வருகிறவர்கள் நாம். இந்த ஜில்லாவில் ஆதித் திராவிடர்களும் முஸ்லிம்களும் சேர்ந்து கஞ்சி குடிக்க வழிசெய்த தொழில் அது. தோலில் தீட்டு இல்லை. கழிவைச் சுத்தம் செய்யும் செலவை மிச்சம் பிடித்து அதை ஏழையின் கிணற்றில் ஊற்றுவதுதான் தீட்டு. ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டுவந்த ஊர்களில் குரோமியம் பெருகினது எப்படி? 1970-களில் டில்லி சர்க்கார், பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதைக் குறைத்து முழுத் தோலாக்கி அனுப்பு, அந்நியச் செலாவணி சம்பாதி என்று உத்தரவு போட்டதற்கு அதில் பெரும்பங்கு உண்டு. டாலர் டில்லிக்கும் முதலாளிக்கும், கழிவு ஆம்பூருக்கா? அந்தச் செலவில் டில்லியும் முதலாளியும் பங்கு கொடுக்கட்டும் என்றே கேட்கின்றோம். அந்தக் கெட்ட நீரை முதலில் குடித்தவனும், தொட்டியில் இறங்கியவனும் அந்தத் தொழிலாளியும் அவன் பெண்டு பிள்ளைகளுமே அல்லவா?

இன்னும் சிலர், "அப்படியானால் ஒப்பந்தத்துக்கு மதிப்பே வேண்டாமா, யார் வேண்டுமானாலும் கிழிக்கலாமா?" என்று கேட்கலாம். சில ஒப்பந்தங்களைக் கிழிக்கத்தான் வேண்டும். சுதேச ராஜாக்களுக்கு வருஷா வருஷம் ஜனங்களின் வரிப்பணத்தில் மானியம் கொடுப்பதாக இந்திய சர்க்கார் எழுதிக்கொடுத்து, அதை அரசியல் சட்டத்திலும் சேர்த்து வைத்தது. அவர்களின் அந்தஸ்தை எடுத்த உத்தரவு செல்லாதென்று 1970-ல் சுப்ரீம் கோர்ட்டே ராஜாக்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று. 1971-ல் பார்லிமெண்டு அரசியல் சட்டத்தையே திருத்தி அந்த மானியத்தை ஒழித்தது. சொன்ன சொல் தவறலாமா என்று சிலர் கண்ணீர் விட்டார்கள். உழைக்காத ராஜாவுக்கு உழைக்கிறவன் கப்பம் கட்டுவது என்ன சொல்? அதைக் கிழித்ததே நியாயம். ஆகவே ஒரு ஒப்பந்தத்தின் மதிப்பு அதன் வயதிலோ, முத்திரையிலோ இல்லை. யாருடைய உழைப்பை, யாருடைய தாகத்தை அது காப்பாற்றுகின்றது என்பதில்தான் இருக்கின்றது. 1892-ஐ நாம் கையில் பிடித்துக்கொண்டிருப்பது அது பழமையானது என்பதற்காக அல்ல. மேலே இருப்பவன் கீழே இருப்பவனைக் கேளாமல் ஆற்றை மறிக்கக் கூடாது என்ற ஒரு நியாயம் அதில் இருக்கிறதற்காகவே. குப்பத்துக் குடியானவனும் நம்மைப்போல் வறண்ட பூமியில் சாகிற ஏழைதான் என்பதையும் நாம் மறுக்கவில்லை. அவனுக்கும் நமக்கும் சண்டை மூட்டி ஓட்டு வாங்குகிறவர்கள் இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்கள்.

ஆகவே, நாம் சர்க்காரைக் கேட்க வேண்டியவை இவை. 2006, 2016 வழக்குகளில் எத்தனை தடவை வாய்தா, யார் கேட்டது, தமிழ்நாடு என்ன தஸ்தாவேஜு போட்டிருக்கிறது என்பதை ஜனங்களுக்கு அச்சடித்து வெளியிட வேண்டும். பழைய சீட்டை மாத்திரம் நம்பாமல், கர்நாடகம், ஆந்திரா, தமிழ்நாடு மூன்றும் பாலாறு முழுவதற்கும் புதிதாய் ஓர் ஒப்பந்தம் செய்யப் பாடுபட வேண்டும். எல்லையில் எவ்வளவு தண்ணீர் வந்தது என்ற அளவு தினந்தோறும் எவரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். மீறினால் இன்ன தண்டம், இன்ன அதிகாரி வசூலிப்பார் என்பது அதிலேயே எழுதியிருக்க வேண்டும். சர்க்கார் தூங்கினால் ஆற்றோர ஜனங்களே போய்க் கேட்கும் உரிமையும் அதில் இருக்க வேண்டும். இவையெல்லாவற்றுக்கும் முன்பாக, 2025-ம் வருஷத்துத் தீர்ப்பின்படி நம் ஜில்லாவில் யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தாயிற்று, எவ்வளவு பாக்கி, எவனிடம் வசூல் என்ற ஜாபிதாவைப் பஞ்சாயத்து ஆபீசுகளில் ஒட்ட வேண்டும். தன் வீட்டுக் கடனைத் தீர்த்தவனே பக்கத்து வீட்டுக்காரனிடம் கடன் கேட்கக் கூச்சமின்றிப் போகலாம்.

வாலிபத் தோழருக்கு இப்போது பதில் சொல்லுகின்றோம். சீட்டு கோர்ட்டில் செல்லும். கோர்ட்டின் தீர்ப்பு, கேட்கிற ஜனங்கள் இருக்கிற இடத்தில் செல்லும். கேளாத இடத்தில் சாபத்துக்குள்ள மதிப்புத்தான் அதற்கும். அடுத்த தடவை மேடையில் எவராவது "1892" என்று ஆரம்பித்தால், கை தட்டுவதற்கு முன் எழுந்து நின்று, "ஐயா, வழக்குக்கு அடுத்த வாய்தா என்றைக்கு? நஷ்டஈட்டுப் பாக்கி எவ்வளவு?" என்ற இரண்டே கேள்விகளைக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவருக்குக் கை தட்டுங்கள். தெரியாதவரை இறங்கச் சொல்லுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, வேலூர், இராணிப்பேட்டைத் தோழர்கள் இதைச் சிந்தித்துப் பார்ப்பார்களாக.